வீரபத்திரனை உருட்டிய ரதி

தோஹாவிலிருந்து சசி அனுப்புகிற வொய்ஸ் மெசேஜ்களில் பாதி பாசமாக இருக்கும், மீதிப் பாதி நெருப்பாக இருக்கும்.

“அம்மா, சாப்பிட்டீங்களா? மழையா அங்க? அந்த நைலோன் நைட்டியோட அடுப்புகிட்ட நிக்காதீங்கம்மா. பருத்தி கட்டுங்க. முந்தானைய இழுத்துச் சொருகுங்க.”

காதலி ஷாமிளாவுக்குப் போகிற செய்திகளும் அதே கணக்குத்தான். நிலாவைப் பற்றித் தொடங்குவான். ரெண்டு பெருமூச்சு விடுவான். பிறகு சாமி விளக்கு ஏற்றும்போது தாவணி நுனி எங்கே இருக்க வேண்டும் என்பதில் வந்து முடிப்பான். “ஒன் லவ் லெட்டர ஃபயர் பிரிகேட்டுக்கு அனுப்பினா வேல போட்டுக் குடுப்பாங்க” என்று அவள் ஒருநாள் பதில் போட்டாள். ஆனால் எதையும் அழிக்கவில்லை.

பையனுக்கு இந்தப் பயம் சும்மா வரவில்லை. அவன் வேலை செய்கிற ஹோட்டல் சமையலறையில், அவன் கண்முன்னாலேயே, மாவனல்லைக்காரர் மர்சூக்கின் சட்டைக் கையில் தீப்பிடித்தது. மர்சூக் நல்ல தைரியசாலி. அந்த நேரத்தில் தைரியம் அவரது கால்களுக்குப் போய்விட்டது. ஓடினார். ஓட ஓடக் காற்றுப்பட்டு, மணிக்கட்டில் இருந்த தீ தோளுக்கு ஏறியது. யாரோ இடறிவிட்டு, கீழே தள்ளி உருட்டியதால் மனுஷன் பிழைத்தார். மறுவாரம் எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். நில், விழு, உருள். சசி அதை மனப்பாடம் பண்ணினான். கனவிலும் உருண்டான். மேல் கட்டிலில் படுத்தவன் என்பதால் ஒருமுறை கீழேயும் விழுந்தான்.

இந்த மாசியில் லீவில் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவனுக்குக் கல்யாணப் பேச்சு ஒன்று காத்திருந்தது. பேச்சுக்குக் குறுக்கே நின்றவர் ஷாமிளாவின் அப்பா மயில்வாகனம்.

மயில்வாகனம் தேயிலை ஃபேக்டரியில் டிரையர் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். வாலிபத்திலிருந்தே அதே வேலை. “நெருப்புக்கு என்னையத் தெரியும், எனக்கு நெருப்பத் தெரியும்” என்பார், ஏதோ சம்பந்தி உறவு மாதிரி. அது மட்டுமில்லை. சிவன் மன்மதனை எரிக்கிற கதையை ஆடும் தோட்டத்துக் காமன் கூத்தில் வருஷா வருஷம் வீரபத்திரன் அவர்தான். ரெண்டு கையிலும் எரியும் பந்தத்தோடு அவர் பொட்டலுக்குள் குதித்தால், புளத்கொகுபிட்டிய பஸாரிலிருந்து வந்து நிற்கிற சிங்களக் கடைக்காரர்கள்கூட “ஹரி ஷோக்!” என்று விசிலடிப்பார்கள்.

பொண்ணு கேட்டுப் போன சசியின் அம்மாவிடம் அவர் சொன்ன பதில் இதுதான்: “சின்னம்மா, பையன் நல்லவன். சம்பாதிக்கிறான். ஆனா தீப்பெட்டியக் கண்டா நடுங்குறவனுக்கு எப்பிடிங்க பொண்ணு குடுக்க? மொதல்ல காமன் பொட்டல்ல வந்து நிக்கட்டும். நான் பந்தத்தோட வாறப்ப ஓடாம நின்னான்னா, மேக்கொண்டு பேசலாம்.”

இந்த வருஷம் ரதி வேஷக்காரன் கிருஷ்ணராஜுக்குக் கொழும்பில் லீவு கிடைக்கவில்லை. கூத்தை நடத்துகிற செல்லையா, தப்பு மேளத்தைத் தோளில் மாட்டியபடியே சசியை மேலும் கீழும் பார்த்தார்.

“மீச ஒழுங்கா மொளைக்கல. கண்ணு மாடு மாதிரி மெரளுது. நீதான்டா ரதி.”

“மாமா, நான்…”

“அழத் தெரியும்ல?”

“தெரியும்.”

“அது போதும். ரதிக்கு வேற வேலையே இல்ல.”

ரதிக்கு வேறு வேலை இல்லாமல் இருக்கலாம். சசிக்கு இருந்தது. முதல் நாளே ரதிக்கு வைத்திருந்த பளபளப்பான நைலோன் சேலையை வேண்டாமென்று தள்ளிவிட்டு, அம்மாவின் பழைய பருத்திச் சேலையை எடுத்துக்கொண்டான். “தேவலோகத்து ரதி கொழுந்தெடுக்கப் போற மாதிரி இருக்கா” என்றான் மன்மதன் வேஷம் போடும் விஜேந்திரன். சசி காதில் வாங்கவில்லை. பொட்டலில் நட்டிருந்த காமன் கம்பத்துக்குப் பின்னால் ரெண்டு சாக்கை நனைத்து மடித்து வைத்தான். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். மண்ணெண்ணெய் டின்னைப் பந்தத்திலிருந்து எட்ட நகர்த்தினான். அதுவும் போதாதென்று, லயத்து வரிசை வீடுகளின் சனத்தையெல்லாம் அங்கே கூட்டி வகுப்பெடுத்தான்.

“உடுப்புல நெருப்புப் பிடிச்சா ஓடக்கூடாது. ஓடினா காத்து வீசிவிட்ட மாதிரி. அந்த எடத்துலயே நிக்கணும். ஒடனே கீழ விழணும். மூஞ்சிய ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு இப்பிடி உருளணும்.” சொன்னதோடு நிற்காமல் தோஹாவில் வாங்கிய ஜீன்ஸோடு புழுதியில் உருண்டும் காட்டினான்.

அன்றிலிருந்து தோட்டத்தில் யார் யாரைப் பார்த்தாலும் அதே பேச்சுத்தான். கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒருத்தி தும்மினால் மற்றவள் “நில்லு, விழு, உருளு!” என்பாள். கள் குடித்து விழுந்து கிடந்தவரைப் பார்த்து, “ரெண்டு பாடம் முடிச்சிட்டாரு, உருளுறதுதான் பாக்கி” என்றார்கள். செல்லையா அதைத் தப்பிலேயே அடித்துப் பார்த்தார். நன்றாகத்தான் உட்கார்ந்தது.

மயில்வாகனம் மட்டும் சிரிக்கவில்லை. “வீரபத்திரன் விழுறதா?” என்றார். சாமி மாதிரி எழுந்து போய்விட்டார்.

சசி அவர் பின்னாலேயே போனான். “மாமா, ஒரே ஒரு விஷயம். இடுப்புல கட்டுற அந்த சணல் பாவாட கணுக்கால் வரைக்கும் தொங்குது. முழங்காலோட வெட்டிருங்களேன்.”

“எங்கப்பா கட்டினதுடா அது.”

“அப்ப ஓரத்தக் கொஞ்சம் ஈரமாச்சும்…”

“ஈரப் பாவாடையோட வீரபத்திரன் வந்தா தோட்டம் என்னாடா நெனைக்கும்? மூத்திரம் போயிட்டாருன்னு நெனைக்கும்.”

சசி திரும்பிப் போய் வாளித் தண்ணீரைச் சரிபார்த்தான்.

கூத்துக்கு முந்தின ஒத்திகையில்தான் வினை வந்தது. மயில்வாகனம் பந்தத்தோடு சுழன்றார். சணல் பாவாடை மேல் சிவப்புக் கிரேப் தாள் நாடாக்கள் புதிதாகத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் அவை துடித்தன. பந்தத்து வெளிச்சத்தில் தகதகவென்று தெரிந்தன. மன்மதன் மேல் விழுந்து அழுதுகொண்டிருந்த ரதி தலைநிமிர்ந்து பார்த்தாள். “ஐயோ நெருப்பு!” என்று அலறினாள். எழுந்து ஓடி, வாளித் தண்ணீரை அப்படியே வீரபத்திரன் மேல் கவிழ்த்தாள்.

பந்தம் ரெண்டும் புஸ்ஸென்று அணைந்தன. கிரேப் தாளின் சாயம் கரைந்து மயில்வாகனத்தின் கெண்டைக்காலில் சிவப்பாக ஒழுகியது. பொட்டலே விழுந்து விழுந்து சிரித்தது. அவரது மனைவி புஷ்பவதி முந்தானையால் வாயைப் பொத்தியும் சத்தம் வெளியே வந்துவிட்டது. ஷாமிளா சிரிக்கவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

மயில்வாகனம் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

“தம்பி, நாளைக்குக் கூத்து. வேஷம் கட்டினா நான் மயில்வாகனம் இல்ல. சாமி. சாமி மேல யாரும் கை வைக்கிறதில்ல. ஒன் கை என் மேல பட்டுச்சோ, ஒரு சொட்டுத் தண்ணி பட்டுச்சோ, பொண்ணு பேச்சு அத்தோட முடிஞ்சுது.”

அவர் சொன்னது தோட்டத்து வழக்கம்தான். வேஷம் கட்டி, விரதமிருந்து, அருள் ஏறி ஆடுகிறவரை யாரும் தொடமாட்டார்கள். அவர் ஓடினால் விலகி வழி விடுவார்கள். விழுந்தால் கும்பிடுவார்கள். கடைசியில் செல்லையா வந்து மஞ்சள் தண்ணி தெளித்தால்தான் மனுஷனாகக் கீழே இறங்குவார்.

அன்றைக்கு ஷாமிளாவிடமிருந்து ஒரே ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. “சசி, நாளைக்கு எது எரிஞ்சாலும் நீ பேசாம அழு. ப்ளீஸ்.”

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் கூத்து சூடு பிடித்தது. விடிந்தால் வேலை என்பதால் இந்தத் தோட்டத்தில் தகனத்தை அந்தியிலேயே முடித்துவிடுவார்கள். பொட்டலைச் சுற்றி மூன்று லயத்துச் சனம். மேட்டில் கடலைக்காரன். ரோட்டோரம் வரிசையாகத் திரீவீல் ஆட்டோக்கள். மன்மதன் அம்பு விட்டு, சிவனுடைய தவத்தைக் கலைத்து, நெற்றிக்கண்ணில் எரிந்து, பொத்தென்று விழுந்தான். ரதி அவன் மேல் விழுந்து ஒப்பாரி வைத்தாள். சசிக்குப் பயத்தில் அழுகை தானாகவே வந்தது. முன்வரிசையில் ரெண்டு மூன்று பொம்பளைகள் சேர்ந்து அழுதார்கள்.

தப்பு மாறி அடித்தது. வீரபத்திரன் குதித்தார்.

சணல் சடை முதுகில் புரள, முகமெல்லாம் நீலம், நாக்கு சிவப்பு. ரெண்டு பந்தமும் சுற்றுகிற சுற்றில் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. பந்தம் சசியின் காதோரம் வந்து போனது. சசி ஓடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டான், அவ்வளவுதான். மயில்வாகனத்தின் முகத்தில், நீலத்துக்கு அடியில், லேசாக ஒரு திருப்தி.

அப்படியே சுழன்று குனிந்து, காமன் கம்பத்தடியில் குவித்திருந்த வைக்கோலுக்குத் தீ வைத்தார். நிமிர்ந்தார். அந்தக் குனிந்த நேரத்தில் சணல் பாவாடையின் பின் ஓரம் வைக்கோலில் பட்டுவிட்டது.

சசி கண்ணைத் திறந்தபோது வீரபத்திரனின் பின்பக்கம் சிவப்பாக ஏதோ துடித்தது.

“விஜி” என்றான், மன்மதனின் நெஞ்சில் முகம் புதைத்து. “டேய் விஜி. மாமாவோட பின்னாடி எரியுது.”

“செத்தவன்கிட்ட பேசாதடா.”

“நெசமாடா.”

“நேத்தும் நெசம்னுதான் சொன்ன. கிரேப் தாளுடா அது. ஒழுங்கா அழு.”

சசி அழுதான். அழுதுகொண்டே ஓரக்கண்ணால் பார்த்தான். கிரேப் தாளாக இருந்தால், அவன் எழுந்தால், ஷாமிளா இல்லை. தோஹாவுக்குத் தனியாகத்தான் போக வேண்டும். வாழ்க்கை முழுக்க மேல் கட்டில். நேற்று அது துடித்தது, இன்றைக்கும் துடிக்கிறது. நேற்றுத் தகதகத்தது, இன்றைக்கும் தகதகக்கிறது.

ஆனால் நேற்று அது புகையவில்லை.

“ஏய், இந்த வருஷம் பாவாடைக்கு நெருப்பு செட்டிங் போட்டிருக்காருடி!” என்று சனத்துக்குள் ஒருத்தி குதூகலித்தாள். கை தட்டினார்கள். ரோட்டோரத்தில் விசில். அதற்குள் மயில்வாகனத்துக்குச் சூடு உறைத்துவிட்டது. முப்பது வருஷம் டிரையர் அடுப்புக்கு முன்னால் நின்ற மனுஷன், நெருப்பைத் தெரிந்தவர், சம்பந்தி உறவு கொண்டாடியவர், ஒரு நொடி திரும்பித் தன் பின்புறத்தைப் பார்த்தார். ஓடத் தொடங்கினார்.

கையில் பந்தத்தோடு ஓடினார். ஓட ஓடத் தீ இடுப்பை நோக்கி ஏறியது. சனம் பக்தியோடு விலகி வழி விட்டது.

“அருள் வந்திருச்சு! அரோகரா!”

“அரோகரா!”

செல்லையா மெய்சிலிர்த்துப் போய்த் தப்பை இன்னும் வேகமாக அடித்தார். கும்பிட்ட கைகளுக்கு நடுவே எரிந்துகொண்டே ஓடும் மனுஷனை யாரும் தொடவில்லை. தொடக்கூடாதே.

சசி எழுந்தான். பொண்ணு போனால் போகிறது என்று அவன் நினைத்தான் என்றால் அது பொய். அப்படியெல்லாம் நினைக்க நேரம் இல்லை. மர்சூக்கின் முதுகு மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. கம்பத்துக்குப் பின்னாலிருந்த ஈரச் சாக்கைத் தூக்கிக்கொண்டு, சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் சொருகிக்கொண்டு ரதி ஓடினாள்.

“மாமா! நில்லுங்க! பந்தத்தத் தூக்கி வீசுங்க! விழுங்க மாமா!”

பந்தங்கள் பறந்து போய்ப் புழுதியில் விழுந்தன. ஆனால் ஆள் விழவில்லை.

“வீரபத்திரன் விழ மாட்டான்டா!” என்று அலறியபடியே ஓடினார் மயில்வாகனம்.

அப்போதுதான் சனத்துக்குள் ஷாமிளா எழுந்து நின்றாள். நூறு வொய்ஸ் மெசேஜில் கேட்டுக் கேட்டு அவளுக்கு அது தாலாட்டு மாதிரிப் பாடமாகியிருந்தது. “அப்பா! செட்டிங் இல்ல, நெசமாவே எரியுதுப்பா! நில்லுங்க! விழுங்க! உருளுங்க!”

பரிகாசமாகச் சொல்லிப் பழகிய வாய்கள் தானாகவே பின்பாட்டுப் பாடின. “நில்லு! விழு! உருளு!” செல்லையாவின் கையும் தன்னையறியாமல் அந்த அடிக்கு மாறியது. பொட்டல் முழுக்க ஒரே குரல். “நில்லு! விழு! உருளு!”

முதல் சொல்லுக்கு மயில்வாகனம் ஒரு நொடி தயங்கினார். அந்த ஒரு நொடி போதும். ரதி பின்னாலிருந்து காலை நீட்டி இடறிவிட்டாள். வீரபத்திரன் மல்லாக்கப் போகப் பார்த்துக் குப்புற விழுந்தார்.

“மூஞ்சியப் பொத்துங்க!”

ஈரச் சாக்கு அவர் மேல் விழுந்தது. சாக்கு மேல் ரதி விழுந்தாள். ரெண்டு பேருமாகப் புழுதியில் உருண்டார்கள். பொட்டல் சரிவான நிலம் என்பதால் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே உருண்டார்கள். ஒரு சுற்றில் ரதி மேலே, மறு சுற்றில் வீரபத்திரன் மேலே. கடலைக்காரனின் வண்டிச் சக்கரத்தில் முட்டித்தான் நின்றார்கள். செத்துக் கிடந்த மன்மதன், சிவன் எழுப்புவதற்கு முன்னாலேயே எழுந்து, இன்னொரு சாக்கோடு ஓடி வந்து, மிச்சமிருந்த பொறிகளை அமுக்கினான்.

தீ அணைந்தது. தப்பு நின்றது.

செல்லையா மஞ்சள் தண்ணிச் செம்போடு கிட்டே வந்தார். வேப்பிலையால் தெளிக்க வேண்டியவர், அவசரத்தில் செம்பையே கவிழ்த்தார்.

“இறங்கிட்டீங்களா சாமி?”

“எப்பவோ இறங்கிட்டேன்யா” என்றார் மயில்வாகனம், சாக்குக்குள்ளிருந்து.

கெண்டைக்காலும் தொடையும் சிவந்து போயிருந்தன. ஓரிடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். அதன் ஓரத்தில் கால்சட்டைத் துணி ஒட்டியிருந்தது. விஜேந்திரன் அதைப் பிய்க்கப் போனான். “தொடாத! ஒட்டினத இழுத்தா தோலும் சேந்து வரும்” என்று சசி கையைத் தட்டிவிட்டான். ஒட்டாத சணல் பாவாடையை மட்டும் அவிழ்த்தார்கள். நாலு பேராகத் தூக்கிப் போய் லயத்துப் பீலிக்கடியில் உட்கார வைத்தார்கள். மலையிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் காலில் மெதுவாக வழிந்தது.

புஷ்பவதி பற்பசையோடு ஓடி வந்தாள். பின்னால் ஒருத்தி தேங்காய் எண்ணெயோடு.

“ஒண்ணும் பூசக் கூடாது அத்த. தண்ணி மட்டும்தான். இருவது நிமிஷம் ஓடணும். அதுக்குப் பெறகு சுத்தமான துணியச் சுத்தி ஆஸ்பத்திரிக்கு. விஜி, போய் ஒரு திரீவீலப் பிடிச்சு வை.”

“நான் மன்மதன்டா. இந்த மூஞ்சியோடயா?”

“போடா!”

ஷாமிளா ஃபோனில் நேரம் வைத்தாள். சசி மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ரதியின் பொய்ச் சடை எங்கோ போய்விட்டது. கண் மை கன்னமெல்லாம் வழிந்து பேய் மாதிரி இருந்தாள். ஒத்தைக் காதில் மட்டும் ஜிமிக்கி ஆடிக்கொண்டிருந்தது. தூரத்தில் சனம் இன்னும் கலையவில்லை. வீரபத்திரனையே ரதி கவிழ்த்துவிட்டாள், இதுவல்லவா நியாயம் என்று கிழவிகள் பேசிக்கொண்டார்கள். அடுத்த வருஷமும் இதே மாதிரி வேண்டும் என்று செல்லையாவிடம் இப்போதே கேட்டுவிட்டார்களாம்.

சசிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. நேற்றுச் சொன்ன பேச்சுத்தான் தலைக்குள் சுற்றியது. கை பட்டாயிற்று. தண்ணியும் பட்டாயிற்று. சொட்டுக் கணக்கில்லை, பீலிக் கணக்கு.

“மாமா” என்றான். “நேத்து நீங்க சொன்னீங்க. ஒரு சொட்டு…”

“சொன்னேன்.”

“கையும்…”

“சொன்னேன்டா. ஞாபகம் இருக்கு.” மயில்வாகனம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீலச் சாயம் கழுத்தில் வழிந்தது. “முன்னால பந்தம் வந்தப்ப நீ ஓடல. அதையும் பாத்தேன்.”

“கண்ண மூடிக்கிட்டேன் மாமா. அதனாலதான்.”

“அதச் சொல்லாம இருந்திருக்கலாம்ல?” என்றாள் ஷாமிளா பல்லைக் கடித்து.

தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. மயில்வாகனத்துக்குப் பல் கிட்டத் தொடங்கியது. புஷ்பவதி ஒரு துண்டைக் கொண்டுவந்து தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டாள்.

“நேரம் முடிஞ்சிருச்சா?”

“இல்லப்பா” என்றாள் ஷாமிளா, ஃபோனைப் பார்க்காமலே.

சசி எட்டிப் பார்த்தான். இருபது நிமிஷம் எப்போதோ தாண்டியிருந்தது. மணிச் சத்தம் வெளியே கேட்காமல் இருப்பதற்காக அவள் பெருவிரல் ஃபோனின் ஸ்பீக்கர் ஓட்டையை அமுக்கியிருந்தது. வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் மூடினான். வாழ்நாளில் ஒரு பாதுகாப்பு விதியில்கூட ஒரு நூல் பிசகாதவன், தொண்டையைச் செருமினான்.

“இன்னுங் கொஞ்சம்… நல்லா ஆறட்டும் மாமா.”

“இது எந்த ஊர்ச் சட்டம்டா?”

“தோஹா.”

“அங்க தண்ணிக்கு இவ்வளவு பஞ்சம்ங்கிறாங்க, எப்பிடிடா முடியுது?” மயில்வாகனம் காலை இழுக்கப் பார்த்தார். சசி விடவில்லை. அப்பாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்த புஷ்பவதிக்கு விஷயம் புரிந்துவிட்டது: சம்மதம் வராமல் கால் வெளியே வராது. அவளும் துண்டை இன்னும் இறுக்கிப் போர்த்தினாள்.

கடைசியில் வீரபத்திரன் கும்பிட்டே விட்டார்.

“போதும் மாப்பிள்ள, குளிருது. கால விடுங்க.”



“என்னாங்க சொன்னீங்க?” என்றாள் புஷ்பவதி.

“குளிருதுன்னேன்.”

“அதுக்கு முந்தி.”

“போதும்னேன்.”

“ரெண்டுக்கும் நடுவுல.”

மயில்வாகனம் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஷாமிளா பெருவிரலை எடுத்தாள். ஃபோன் உடனே கணீரென்று அடித்தது.